தொலைபேசியில் நன்றாகப் பேசும் அப்பா

அப்பாவுக்கு மறதி நோய் வந்திருக்கும் எல்லா அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், முக்கியமாக அப்பா இருக்கும் வீட்டில் இல்லாதவர்களுக்கு,

வணக்கம்.

நாங்கள் மூன்று பேர். நான் நடுவில் பிறந்தவன். அப்பா என்னோடு இருக்கிறார். அண்ணன் வேறு ஊரில், தம்பி வேறு நாட்டில். அப்பாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று மருத்துவர் சொல்லிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. இந்தக் காலத்தில் நாங்கள் போட்டுக்கொண்ட சண்டைகளை யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் தொடங்கியவை: "அப்பா என்கிட்ட நல்லாத்தானே பேசினார்?" உங்கள் வீட்டிலும் இது நிச்சயம் கேட்டிருக்கும். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் இதைக் கேட்கிறேன். அதனால்தான் என் கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நடுநடுவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா உங்களிடம் நன்றாகத்தான் பேசினார். அதை நான் மறுக்கவே இல்லை. அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியிலும் அதைச் சுற்றியும். புதியது முதலில் போகும், பழையது கடைசியில்தான் போகும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ 1881இலேயே எழுதிவைத்தார். பேச்சில் இருக்கும் மரியாதை, நலம் விசாரிக்கிற முறை, கிண்டல் இவையெல்லாம் இன்னும் நாள் தாங்கும். இப்போது உங்கள் தொலைபேசிப் பேச்சை நினைத்துப் பாருங்கள். "எப்படிப்பா இருக்கீங்க?" "நல்லா இருக்கேன்ப்பா, பிள்ளைங்க படிக்கிறாங்களா, உடம்பைப் பார்த்துக்கோ." இதில் ஒரு வரிக்குக்கூட நேற்று நடந்தது ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "எப்பவும் போலத்தான்" என்பார். எவ்வளவு சாமர்த்தியமான பதில், கவனித்தீர்களா? போனை வைத்த கொஞ்ச நேரத்தில் "பெரியவன் ஏன் பேசுறதே இல்லை?" என்று என்னிடம் கேட்பார்.

மருத்துவரின் அறையிலும் இதே கதைதான். நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்து, மருத்துவரையே நலம் விசாரிப்பார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் இருக்கிற தெம்பையெல்லாம் செலவழிக்கிறார். யாராவது வந்துவிட்டுப் போன மாலையில்தான் எங்கள் வீட்டில் பாடு அதிகம். பொழுது சாயும்போது குழப்பமும் எரிச்சலும் கூடுவது இந்த நோயில் சகஜம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமான வேலைக்கு, நடுராத்திரியில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. வாசலை மறித்து நிற்கும் மகனை அவர் பார்க்கும் பார்வையையும் பார்த்ததில்லை.

ஆக, ஒரே நாளில் நீங்கள் ஒரு அப்பாவைப் பார்க்கிறீர்கள், கூட இருப்பவர் இன்னொரு அப்பாவைப் பார்க்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் நீங்கள் பார்த்ததை வைத்துக்கொண்டு "நீ ரொம்பப் பெரிசுபடுத்துறே", "உனக்குப் பொறுமை பத்தாது" என்று சொல்லும்போது, ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவரிடம் நீங்கள் சொல்கிறீர்கள் என்பதை மறந்துவிடுகிறீர்கள். அப்பாவின் கேள்வி நூறு தடவை வந்தாலும் சமாளித்துவிடலாம். இந்த ஒரு வரியைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு: "அப்பா சொல்றாரே, நீ பணத்தை எடுத்துட்டியாமே?"

பொருள் திருட்டுப்போய்விட்டது என்று நம்புவது இந்த நோயில் அடிக்கடி வரும் மனமயக்கம். கண்ணாடியையோ பர்ஸையோ எங்கேயோ வைக்கிறார். வைத்ததே நினைவில் பதியவில்லை. பொருள் காணவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மூளை அதற்கு ஒரு காரணம் தேடுகிறது, யாரோ எடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறது. அந்த யாரோ, எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான். தூரத்தில் இருக்கும் உங்கள்மேல் பழி வரவே வராது. இது அன்பின் அளவுகோல் இல்லை, தூரத்தின் வசதி.

அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். முதியவர்களை ஏமாற்றுவதும் கொடுமைப்படுத்துவதும் உலகத்தில் இல்லாத விஷயம் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் ஆறில் ஒருவர் ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு வகையில் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செய்பவர்களில் சொந்தப் பிள்ளைகளும் உண்டு. அதனால் "என் மேலேயே சந்தேகமா?" என்று கூட இருப்பவர் பொங்குவதிலும் பயனில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது எளிமையானது. அப்பாவின் வங்கிக் கணக்கு அறிக்கை மாதாமாதம் மூன்று பேருக்கும் போகும். செலவுக் கணக்கும் அப்படியே. அது வந்தபிறகு பணப்பேச்சு எங்களுக்குள் செத்துவிட்டது. பாசத்தை நம்பி விட்டிருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.

"அப்பாவுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்கலாமே" என்றும் சொல்கிறீர்கள். முடியாது. தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் போவதும் பல நேரம் இந்த நோயின் ஒரு பகுதி. அவர் வீம்புக்கு மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. பக்கவாதம் வந்து கை செயலிழந்த சிலர் தங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சாதித்ததைப் பார்த்து, நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914இல் இந்த நிலையை விவரித்தார். அதே மாதிரிதான் இதுவும். வாதம் செய்து ஜெயிக்கிற இடம் இல்லை.

சரி, தூரத்தில் இருந்து நீங்கள் செய்வது என்ன? பெரும்பாலும் ஆராய்ச்சி. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு காணொளி, ஒரு எண்ணெய், ஒரு மூலிகை, ஒரு மூளைப்பயிற்சிச் செயலி. (தம்பி, இது உனக்கும்தான்.) புதிய ஊசிகள் வந்திருக்கின்றனவே என்று கேட்கிறீர்கள். வந்திருக்கின்றன. லெகனெமாப் 2023இலும் டோனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். லெகனெமாப் சோதனையில் பதினெட்டு மாதத்தில் சரிவின் வேகம் சுமார் 27 சதவீதம் குறைந்தது. சரிவு நிற்கவில்லை. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். டோனெபெசில், மெமண்டைன் போன்ற பழைய மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் தெளிவு தரும், அவ்வளவுதான்.

உங்கள் ஆராய்ச்சி ஆசை உண்மையிலேயே உதவக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது நோயின் தொடக்கத்தில். மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரையும் சில ஒவ்வாமை மருந்துகளும், கீழே விழுந்து மண்டைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தம், மூளையில் தேங்கும் நீர் இவையெல்லாம் மறதிநோய் போலவே தெரியலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டுகளை வரிசைப்படுத்தி ஒரே பட்டியலாக ஆக்கிக் கொடுங்கள். எந்த வகை நோய் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். லூயி பாடி என்ற வகை இருக்கிறது. அதில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் குழப்பம் என்று மாறிமாறி வரும். அந்த நோயாளிக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாகவே, மறதிநோய் உள்ள முதியவர்களை அடக்கிவைக்க மனநோய் மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. "ராத்திரி தூங்குறதுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லேன்" என்று போனில் யோசனை சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று. மறதி மாதக்கணக்கில் மெதுவாகக் கூடினால் அது நோயின் போக்கு. ஓரிரு நாளில் திடீரென்று ஆளே மாறிவிட்டால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை இப்படி ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். "வயசாயிடுச்சு, முத்திப்போச்சு" என்று விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இதைக் கூட இருப்பவர் சொல்லும்போதாவது பெரிசுபடுத்துவதாக நினைக்காதீர்கள்.

இனி மகன்கள் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்.

"அப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு மகன் சொன்னால், எத்தனையோ வீடுகளில் அதற்கு அர்த்தம், அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்பதுதான். மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் மணிநேரங்களில் சுமார் 70 சதவீதம் பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அக்கா தங்கை இல்லாத, ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில்கூட இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. மாமனாரைக் குளிப்பாட்டுவது மருமகளுக்கும் சங்கடம், மாமனாருக்கும் சங்கடம். தன் நிலை பாதியாவது புரிகிற கட்டத்தில் இருக்கும் மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. இந்த வேலை மகனுடையது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் மகன்களுக்கு இது வராது. ஏன் வராது என்றால், நம்மில் பலர் சிறுவயதுக்குப் பிறகு அப்பாவைத் தொட்டதே இல்லை. எங்கள் அப்பா கை கொடுத்ததுகூட எனக்கு நினைவில்லை. அவருடைய முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இடது தோளில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்கிறார், எல்லாக் கதையிலும் அவர்தான் வீரர். முதல் சில தடவை இருவருமே எங்கோ பார்த்துக்கொண்டு அந்த வேலையை முடித்தோம். அப்புறம் பழகிவிட்டது. ஒரு ஒழுங்குமுறை இருந்தால் போதும்: வெந்நீர் தயாராக இருக்க வேண்டும், அறை கதகதப்பாக இருக்க வேண்டும், இடுப்பில் ஒரு துண்டு எப்போதும் இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். குளிக்காததால் ஒன்றும் ஆகிவிடாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் நியாயமே இல்லாதது, "அப்பா தினமும் குளிக்கிறாரா?" என்று போனில் விசாரணை நடத்தியதால் வந்தது.

எல்லா மகன்களுக்கும் இதைச் செய்ய முடியுமா? முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் ஒரே அப்பாவிடம் வளர்வதில்லை. மூத்தவனுக்குக் கிடைத்தவர் இளைஞர், கோபக்காரர், கையில் காசில்லாதவர். கடைசிப் பையனுக்குக் கிடைத்தவர் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அடி வாங்கிய மகன் ஒருவன், என்றைக்காவது அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் காத்திருந்திருப்பான். இப்போது அந்த வார்த்தை வரவே வராது. அடித்தவருக்கு அடித்தது நினைவில்லை, அடிபட்டவனுக்கு மறக்கவில்லை. அவனைப் பார்த்து "பெத்த அப்பாவுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்வே?" என்று மற்றவர்கள் கேட்பது கொடுமை. அப்படிப்பட்டவர் உடம்பைத் தொடும் வேலை செய்ய வேண்டாம். பணம் தரட்டும், காகித வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும், மாத்திரை தீருமுன் வந்துசேர ஏற்பாடு செய்யட்டும், காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டட்டும். அதுவும் பராமரிப்புதான். அது ஒதுங்கிப்போவது ஆகாது, அதற்காகக் குற்றவுணர்வில் வேகவும் வேண்டாம். ஆள் கண்ணெதிரே இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கும் இந்த நிலையை பாலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். சடங்கு கிடையாது, முடிவு கிடையாது, அழுவதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்க யாரும் இல்லை. அந்த இழப்பு ஒவ்வொரு மகனுக்கும் வெவ்வேறு நேரத்தில் உறைக்கிறது. ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் இன்னும் மருத்துவம் தேடிக்கொண்டிருப்பார். சண்டை வராமல் என்ன செய்யும்?

முடிவுகள் எடுக்கும் விஷயத்தில் தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்டபோது அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தினார். அண்ணன் வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்ததைக் காட்டிச் சொன்னார். சாவி கைமாறியது. தினமும் கூட இருப்பவர் சொன்னால் அது தொல்லை, எப்போதாவது வருகிறவர் சொன்னால் அது அறிவுரை. அண்ணனுக்கு மனக்கஷ்டம்தான், ஆனால் அவர் மறுநாள் ஊருக்குப் போய்விடலாம், நான் அப்பாவோடு இருந்தாக வேண்டும். கசப்பான செய்திகளைச் சொல்லும் வேலையைத் தூரத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

அதேபோல, அப்பா இன்னும் யோசித்துப் பதில் சொல்லும் கட்டத்தில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உயில், அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் அவரிடமே கேளுங்கள். புரிந்து கையெழுத்திடும் திறன் போன பிறகு போடும் கையெழுத்து செல்லாது, நீதிமன்றம்தான் கதி. நோய் முற்றி விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் குழாய் போடலாமா என்று ஒருநாள் கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் குழாய் ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அன்றைக்கு மூன்று மகன்கள் மூன்று பக்கம் இழுக்காமல் இருக்க வேண்டுமென்றால், "எனக்குக் குழாய் வேண்டாம்" என்றோ "வேண்டும்" என்றோ அப்பாவே சொல்லியிருக்க வேண்டும்.

நமக்கும் வருமா என்ற பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அண்ணன் தம்பிகள் தனியாக இருக்கும்போது பேசுவது அதைத்தான். பெற்றோருக்கு இருந்தால் அபாயம் ஓரளவு கூடும். ஒற்றை மரபணு மாற்றத்தால் நேராகக் கடத்தப்படும் வகை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது பொதுவாக இளம் வயதிலேயே வரும். மறுபக்கம், உயர் ரத்த அழுத்தம், கேட்கும் திறன் குறைவு, புகை, சர்க்கரை நோய், தனிமை என்று மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீதம் பேருக்கு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணக்கிட்டது. போய் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். கூட இருக்கும் சகோதரருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்திருக்க மாட்டார், நேரமில்லை.

கடைசியாக, நான் கேட்க வந்தது. வந்து ஒரு வாரம் இருங்கள். தனியாக இருங்கள். கூட இருப்பவரையும் அவர் மனைவியையும் வீட்டைவிட்டு எங்காவது அனுப்பிவிட்டு, அப்பாவோடு நீங்கள் மட்டும் இருங்கள். விருந்தாளியாக இரண்டு நாள் வந்து, கூட இருப்பவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவது கணக்கில் வராது. இடம் மாறினால் குழப்பம் கூடும், அதனால் அப்பாவை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

வந்தால் சில விஷயங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்த அம்மாவைக் கேட்டால், இறந்துவிட்டார் என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அப்போதுதான் வந்த சாவுச் செய்தி. அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்க என்று கேளுங்கள், நீங்கள் கேட்டறியாத கதையெல்லாம் வரும். உங்களைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசினால் தம்பியாகவே இருந்துவிட்டுப் போங்கள். என்னை அப்படித்தான் அழைக்கிறார், எங்கள் சித்தப்பாவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதனால்தான். அவர் மறந்துவிடுவாரே, வந்து என்ன பயன் என்று தோன்றலாம். அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியும் சோகமும் தரும் காட்சிகளைத் தனித்தனியாகக் காட்டி அயோவா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். காட்சி மறந்துபோன பிறகும் அது ஏற்படுத்திய உணர்ச்சி நீடித்தது என்று 2014இல் வெளியிட்டார்கள். நீங்கள் வந்தது அவருக்கு நினைவில் இருக்காது. அன்று மாலை அவர் எரிந்துவிழாமல் இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் முடிந்ததும் நாம் மறுபடி சண்டை போடலாம். எந்த மருந்து, ஆள் வைப்பதா, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா, யார் எவ்வளவு பணம் தருவது என்று எல்லாவற்றுக்கும் போடலாம். அப்போது நாம் எல்லோரும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இன்று போன் செய்யும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல்வதற்கு முன்னால், கூட இருப்பவரிடம் நேற்று ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, எந்த வாரம் வருகிறீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். "சீக்கிரம் வர்றேன்" என்பது தேதி இல்லை.

இப்படிக்கு,
மூன்று மகன்களில் நடுவில் பிறந்தவன்